சென்னையில குழந்தைகள் இல்லங்கள் எப்படி வந்துச்சு? அங்க இருக்கற பசங்க எல்லாருமே அனாதைகளா?

ரெண்டாவது கேள்விக்கு முதல்ல சொல்லிடறேன். இல்லை. நான் சாயங்காலத்துல ஒரு ஹோம்ல பசங்களுக்கு கணக்கு சொல்லித் தரேன், அங்க நிறைய பேருக்கு அம்மா இருக்காங்க, சிலருக்கு அப்பாவும் இருக்காரு. அம்மா நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்சுட்டு ராத்திரி எங்கயோ ஒரு ஓரமா படுக்கறவங்களா இருப்பாங்க, வயசுக்கு வரப்போற பொண்ணை அங்க வெச்சுக்க பயந்துகிட்டு கொண்டுவந்து விட்டிருப்பாங்க. விசிட்டிங் டே அன்னைக்கு கேட்டுக்கு வெளிய நிக்கற கூட்டத்தைப் பாத்தா உங்களுக்கே புரியும்.

இது இன்னைக்கு நேத்து கதை இல்லைங்க, இந்த ஊர்ல ஆரம்பத்துல இருந்தே இப்படித்தான். 1715லயே ஜார்ஜ் கோட்டைக்குள்ள செயின்ட் மேரீஸ் சர்ச் சார்பா ஒரு தர்மப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சு பசங்களை அங்கயே தங்க வெச்சு சோறு போட்டுப் படிக்க வெச்சாங்க. அப்புறம் 1787ல பொண்ணுங்களுக்கு ஒரு அசைலம், அதாவது ஆதரவு இல்லம், 1789ல ஆம்பளப் பசங்களுக்கு ஒண்ணு. பசங்களோடது எழும்பூர்ல இருந்த ஒரு சின்னக் கோட்டைக்குள்ள நடந்துச்சு, இப்ப எழும்பூர் ரயில்வே ஸ்டேஷன் இருக்கற பக்கம்தான். பேர் என்னவோ அனாதை ஆசிரமம், ஆனா உள்ள இருந்தவங்கள்ல நிறைய பேருக்கு அப்பா ஈஸ்ட் இந்தியா கம்பெனியோட வெள்ளைக்கார சிப்பாய், அவர் செத்துருப்பாரு இல்ல கப்பல் ஏறிப் போயிருப்பாரு, அம்மா இந்த ஊர்க்காரங்க, உயிரோட இருக்காங்க. அந்த அம்மா கிட்ட இருந்து, அவங்க பழக்கவழக்கத்துல இருந்து பிள்ளையைப் பிரிச்சாதான் உருப்படும்னு நிர்வாகமே நினைச்சுது. எனக்கு இந்த வரலாறுலயே மனசு ஆறாத இடம் இதுதான்.

அதே இடத்துல ஒரு பெரிய விஷயமும் நடந்துச்சு. அங்க பொறுப்புல இருந்த ஆண்ட்ரூ பெல்ங்கற பாதிரியார், நம்ம ஊர் திண்ணைப் பள்ளிக்கூடத்துல பசங்க மணல்ல விரலால எழுதிப் படிக்கறதைப் பாத்துட்டு, அதை உள்ள கொண்டுவந்து பெரிய பையன் சின்னப் பையனுக்கு சொல்லித் தர மாதிரி ஏற்பாடு பண்ணாரு. 1797ல லண்டன்ல அதைப் பத்தி புத்தகம் போட்டாரு, அது 'மெட்ராஸ் சிஸ்டம்'னு இங்கிலாந்து பூரா பரவுச்சு, ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல அவர் பணத்துல கட்டின 'மெட்ராஸ் காலேஜ்'ங்கற ஸ்கூல் இன்னைக்கும் இருக்கு. அதுல பாதிப் பெருமை எழும்பூர்ல மணல்ல எழுதின அந்தப் பசங்களுக்குத்தான் போகணும்.

அப்புறம் தாது வருஷப் பஞ்சம், 1876 - 78. அப்ப தனியா நின்ன பசங்களை மிஷனரி இல்லங்கள் நிறைய எடுத்துக்கிச்சு. நம்மாளுங்க ஆரம்பிச்சதுன்னா 1905ல மயிலாப்பூர் ராமகிருஷ்ணா மிஷன் மாணவர் இல்லம், ஏழைப் பசங்க தங்கிப் படிக்கறதுக்கு. சிஸ்டர் சுப்புலட்சுமி குழந்தை விதவைகளைச் சேர்த்து வெச்சு படிக்க வெச்ச விடுதி அப்புறம் ஐஸ் ஹவுஸ் கட்டடத்துல நடந்துச்சு. தேவதாசிக் குடும்பத்துல இருந்து தப்பிச்சு வந்த பொண்ணுங்களை எந்த ஹாஸ்டல்லயும் சேத்துக்க மாட்டேன்னுட்டாங்க, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் வீட்டுலயே வெச்சுக்கிட்டாங்க, அதுதான் அடையாறு அவ்வை இல்லம் ஆச்சு. தேவதாசி முறையை ஒழிக்கணும்னு சட்டசபையில பேசினதோட நிக்காம வீட்டுக் கதவையும் தொறந்தாங்க பாருங்க, அதுக்காகவே அவங்களைக் கும்பிடணும். 1949ல காமராஜர் துணையோட தி.நகர்ல பால மந்திர்ங்கற குழந்தைகள் இல்லம்.

அரசாங்கப் பக்கம் 1920ல மெட்ராஸ் சில்ட்ரன் ஆக்ட், இந்தியாவுலயே இந்த மாதிரி முதல் சட்டம். நல்ல சட்டம்தான், ஆனா தப்பு பண்ண பையனையும் தெருவுல கிடந்த பையனையும் ஒரே சட்டத்துக்குள்ள கொண்டுவந்துச்சு, அந்தக் கறை இன்னும் போகலை, 'ஹோம் பையன்'னா ஏதோ திருடன் மாதிரி பாக்கறவங்க இருக்காங்க. 2015ல வந்த சிறார் நீதிச் சட்டம் தெளிவா சொல்லுது, குடும்பம்தான் முதல், இல்லம் கடைசி வழின்னு. எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழ வெச்சா என்ன ஆகும்னு 2020 ஜூன்ல பாத்தோமே, ராயபுரம் அரசு இல்லத்துல 35 பசங்களுக்கு கொரோனா வந்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு.

பிறந்தநாளுக்கு ஹோம்ல சாப்பாடு போடறது நல்ல மனசுதான், நான் வேணாம்னு சொல்லலை. ஆனா உங்க வீட்டு வேலைக்கு வரவங்க, வாட்ச்மேன் அண்ணன் யாராவது காசு இல்லாம பிள்ளையை ஹோம்ல விடப் போறேன்னு சொன்னா அதுக்கு முன்னாடி இதைச் சொல்லுங்க: மிஷன் வாத்சல்யாங்கற மத்திய அரசுத் திட்டத்துல, தகுதி இருந்தா, பிள்ளை வீட்டுலயே இருந்து படிக்க மாசம் 4000 ரூபா உதவி இருக்கு, கணவனை இழந்தவங்க, கணவன் விட்டுட்டுப் போனவங்க பிள்ளைங்களும் இதுல வருவாங்க. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல விண்ணப்பம் குடுக்கணும், எங்க போறதுன்னு தெரியலைன்னா குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் பண்ணுங்க. ஃபார்ம் நிரப்ப அவங்களுக்கு வராது, நீங்க கூட உக்காந்து எழுதிக் குடுங்க.