மழை நாளில் மானும் வில்லும்: கேள்வி பதில்

பென்சில்வேனியாவில் வேலை பார்த்த காலத்தில் உரிமம் எடுத்து, வில்லால் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போயிருக்கிறேன். இப்போது கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிறேன். பவானிசாகர், சத்தியமங்கலம் பக்கம் கேமராவோடு மட்டும் மான் பார்க்கப் போகிறேன். மழை நாள் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில். முதலிலேயே ஒன்று: நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனஉயிர் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். வெளிமானைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. வில் பற்றி நான் சொல்வதெல்லாம் அமெரிக்காவில் உரிமத்தோடு போகிறவர்களுக்குத்தான்.

பெருந்துறை வாசகர்: அண்ணா, மழை பெய்தால் மான் எங்காவது ஒதுங்கிவிடாதா? போய் உட்கார்ந்தால் வீண்தானே?

தூறலுக்கெல்லாம் மான் ஒதுங்காதுங்க. நனைந்தபடியே மேயும். காற்றோடு கொட்டும் மழைக்குத்தான் புதருக்குள் படுக்கும். அந்த மழை விட்டதும் பசியோடு எழுந்து வரும் பாருங்கள், அதுதான் நல்ல நேரம். வெள்ளைவால் மானுக்கும் நம் புள்ளிமானுக்கும் இது பொருந்தும். மழை நின்ற பிறகும் மரத்தடியில் சொட்டுச் சத்தம் ஓயாது. காதை நம்பிப் பிழைக்கிற விலங்கு அந்தச் சத்தத்துக்குள் நிற்க விரும்பாது, கண்ணுக்கு எட்டுகிற வெட்டவெளிக்கு வரும். அதனால் மழைக்குப் பிறகு அடர்காட்டைத் தேடாமல் புல்வெளி ஓரத்தைப் பாருங்கள்.

கோவை அம்மா ஒருவர்: மகன் அமெரிக்காவில் வில் வேட்டைக்கு உரிமம் எடுத்திருக்கிறான். மழை பெய்தால் சத்தம் கேட்காது, மானை நெருங்குவது சுலபம் என்கிறான். சரிதானா?

பாதி சரிங்க அம்மா. அக்டோபரில் அங்கே இலை உதிர்ந்து தரையெல்லாம் சருகாகக் கிடக்கும். காய்ந்திருந்தால் ஒவ்வோர் அடியும் நொறுங்கும். நனைந்துவிட்டால் பூனை மாதிரி நடக்கலாம். தம்பி சொல்வது இதைத்தான்.

மீதிப் பாதியை அவரிடம் நீங்கள் அழுத்திச் சொல்லுங்கள். துப்பாக்கிக் குண்டு சில சமயம் அடித்த அதிர்ச்சியிலேயே சாய்த்துவிடும். அம்பு அப்படியில்லை, ரத்தம் வெளியேறித்தான் மான் சாகும். நெஞ்சில் சரியாகப் பட்டாலும் நூறு மீட்டர் ஓடிவிட்டு விழலாம். இலையில் தெறித்த ரத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் போக வேண்டும். நல்ல மழை அந்தத் தடத்தைச் சீக்கிரமே கழுவிவிடும். வயிற்றில் பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அப்படிப் பட்ட மானை ஆறேழு மணி நேரமாவது படுக்க விட வேண்டும், உடனே துரத்தினால் எழுந்து தொலைதூரம் போய்விடும். காத்திருந்தால் தடம் அழியும், காத்திருக்காவிட்டால் மான் போய்விடும். எங்கோ ஒரு புதரில் வலியோடு கிடந்து வீணாகச் சாகும்.

அதனால் விடாமல் பெய்கிற மழையில் அம்பு விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தூறல் என்றால் வழக்கமாக எய்யும் தூரத்தில் பாதி தூரத்துக்குள், மான் அசையாமல் பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும் எய்யலாம். எய்ததும் மான் கடைசியாக மறைந்த இடத்தை ஒரு மரத்தை வைத்து மனதில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே பல மாநிலங்களில் கயிற்றில் கட்டிய மோப்ப நாயை வைத்துத் தேட அனுமதி உண்டு. அப்படி ஆளைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அதே அம்மா: சாமான்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

நாணுக்கு மெழுகு பூச வேண்டும். அம்பின் பின்னால் இறகு இருந்தால் நனைந்து படிந்துவிடும், பிளாஸ்டிக் இதழ் தேவலை. நாணில் இருக்கும் குறிபார்க்கும் சின்ன வளையத்தில் நீர்த்துளி அடைத்துக்கொள்ளும், எய்யும் முன் ஊதிவிட வேண்டும். இதையெல்லாம்விட முக்கியம், மரத்தில் ஏறி உட்காரும் மேடை. நனைந்த ஏணிப்படி வழுக்கும். தரையை விட்டுக் கால் எடுக்கும்போதே பாதுகாப்பு வார் மாட்டியிருக்க வேண்டும்.

பொள்ளாச்சி வாசகர்: மழையில் நம் வாடை அடங்கிவிடும் என்கிறார்களே?

கொட்டும்போது அடங்கும். தூறலிலும் மழை விட்ட பிறகும் ஈரக்காற்றில் வாடை நன்றாகவே தங்கும், மான் மூக்குக்கு அது போதும். ஆகவே காற்றைப் பார்க்காமல் உட்காராதீர்கள். உங்கள் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். மானுக்குக் கிழக்கே இருந்தால் போதும், கணக்கு எளிது. ஐப்பசி மழையில் காற்று நிலையாக இருக்காது, மேகம் திரளும்போதே திசை மாறும். எருக்கம் பஞ்சைச் சின்ன டப்பாவில் காயக் காய வைத்திருந்து, இடையிடையே ஓர் இழையைப் பறக்கவிட்டுப் பாருங்கள்.

அந்தியூர் வாசகர்: குளம்படி புதுசா பழசா என்று மழையில் எப்படிக் கண்டுபிடிப்பது?

மழை போல இதற்கு உதவுவது வேறில்லை. தடத்துக்குள் மழைத்துளி குத்திய புள்ளி இருந்தால் மான் மழைக்கு முன்னால் போயிருக்கிறது. விளிம்பு கூராக, உள்ளே சுத்தமாக இருந்தால் மழைக்குப் பிறகு. மழை எத்தனை மணிக்கு நின்றது என்று குறித்து வைத்தால் போதும். கடமான் தடம் புள்ளிமானுடையதைவிட நன்றாகவே பெரியது, குழப்பம் வராது.

அவிநாசி விவசாயி: மழை நாளில்தான் புள்ளிமான் கடலைக்காட்டுக்குள் இறங்குகிறது. என்ன செய்வது?

அன்றைக்கு நாமும் நாயும் சாளை வீட்டுக்குள் இருப்போம், வெளியே வந்தாலும் சத்தம் கேட்காது. சோலார் வேலி இருந்தால் கம்பியைத் தொடும் புல்லை மழைக்கு முன்பே வெட்டிவிடுங்கள். ஈரப்புல் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கி வேலி செத்துவிடும். கிளுவை வேலியில் சந்து விழுந்த இடத்தை முள் வைத்து அடைத்துவிடுங்கள். சேதத்தைப் படம் எடுத்து வனத்துறையிடம் இழப்பீட்டுக்கு மனுக் கொடுங்கள். சுருக்குக் கண்ணி மட்டும் வைக்க வேண்டாங்க. சட்டத்தையே விடுங்கள், அதில் சினை மானும் மாட்டும், உங்கள் ஆட்டுக்குட்டியும் மாட்டும்.

மேட்டுப்பாளையம் மாணவர்: மழையில் காட்டுக்குள் தனியாக நடந்து போய்ப் படம் எடுக்கலாமா அண்ணா?

கூடாது தம்பி. புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். அதோடு, மழைச் சத்தத்தில் மானுக்கு நீ வருவது கேட்காது என்றால் யானை வருவது உனக்கும் கேட்காது. யானை சாதாரண நாளிலேயே ஓசையில்லாமல் நடக்கும். கிளை ஒடிக்கும் சத்தம்தான் நமக்கு எச்சரிக்கை, மழையில் அதுவும் இல்லை. டாப்ஸ்லிப்பிலோ முதுமலையிலோ வனத்துறை வண்டியில் ஏறு. மழை விட்ட உடனே கிளம்பும் சவாரி கிடைத்தால் அதை எடுத்துக்கொள். லென்ஸ் துடைக்க இரண்டு பருத்தித் துணியை பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்துக்கொள், ஒன்று கட்டாயம் நனைந்துவிடும்.