மெதுவாகப் பிரியும் கலம்

அன்புள்ள ஐயா,

குருதிப் புற்றுநோய்க் கலங்கள் நல்ல கலங்களைவிட மெதுவாகவே பிரிகின்றன என்று உங்கள் கட்டுரையில் வாசித்தேன். என் தம்பி மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெறுகிறான். கலங்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுகின்றன என்றுதான் வைத்தியர் சொன்னார். 8ஆம், 21ஆம் நிறமூர்த்தங்கள் துண்டு மாறியிருப்பதாக அறிக்கையில் உள்ளது. மெதுவாகப் பிரியும் கலம் ஒருவனை எப்படி இவ்வளவு சீக்கிரம் படுக்கையில் போடும்? ஒருமுறை மருந்து ஏற்றியாயிற்று, ஏன் மறுபடியும்?

ம., கொட்டாஞ்சேனை

அன்புள்ள ம.,

தம்பியை நினைத்துக் கேட்ட கேள்விக்கு அவசரத்தில் எழுத மனம் வரவில்லை. அதுதான் இரண்டு நாள் தாமதம்.

வைத்தியர் சொன்னது சரி. நான்தான் 'பெரும்பாலும்' என்ற சொல்லை விட்டுவிட்டேன். மிக் என்ற புரதம் கட்டுமீறும் பேர்கிட் வகையில் கலங்கள் உண்மையிலேயே படுவேகமாகப் பிரியும். தம்பிக்கு வந்திருப்பது அதுவல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. நாளுக்கொருமுறை பிரியும் கலம் ஐந்து தடவையோடு முதிர்ந்து நின்றால் 32. மூன்று நாளுக்கொருமுறை மட்டும் பிரிந்தாலும் நிற்கவே தெரியாத கலம் ஒரு மாதத்தில் 1024, இரண்டாம் மாத முடிவில் பத்து இலட்சத்துக்கு மேல். நல்ல வெண்குழியம் முதிர்ந்து, வேலை பார்த்து, செத்துப்போகும். இவை முதிராமல் என்பு மச்சையை அடைத்துக்கொள்ளும்.

21ஆம் நிறமூர்த்தத்தில் ரங்க்ஸ்-1 இருக்கிறது. அது ஒரு பிரதியாக்கக் காரணி, அதாவது எந்தப் பரம்பரையலகு எப்போது வாசிக்கப்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் புரதம். டீஎன்ஏயைப் பிரதி பண்ணுவதற்கு முந்திய ஆயத்தக் கட்டம் ஜி1. ரங்க்ஸ்-1 அந்தக் கட்டத்தைச் சுருக்குகிறது, முதிர்ச்சிக்கான பரம்பரையலகுகளையும் திறக்கிறது. துண்டு மாறும்போது அது 8ஆம் நிறமூர்த்தத்து ஈட்டோ புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. டீஎன்ஏயைப் பிடிக்கும் கை பழையதுதான், ஆனால் திறக்க வேண்டியதை மூடுகிறது. ஜி1 நீளுகிறது, முதிர்ச்சி தடைப்படுகிறது. இது தனியே நோயாவதில்லை. பிறந்தபோது எடுத்துவைத்த இரத்தப் பொட்டிலேயே இந்த மாற்றம் இருந்து, வருடங்கள் கழித்து நோய் வந்த பிள்ளைகள் உண்டு. 'பிரி, பிரி' என்று ஓயாமல் தூண்டும், கிட் என்ற பரம்பரையலகின் விகாரம் போன்ற இன்னொன்று சேர வேண்டும்.

மெதுவாக ஓடுவது உண்மையில் முதிர்ச்சிக்குப் போகும் பாதை. என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். 2013இல் கலிபோர்னியாவில் ரொதன்பேர்க், எலோவிட்ஸ் குழுவினர் எலிக் கலங்களில் பி.யு.1 என்ற காரணியைப் பார்த்தார்கள். கலம் பிரியும்போது உள்ளிருக்கும் புரதம் இரண்டு மகட்கலங்களுக்கும் பங்காகிவிடும். பிரிவு தள்ளிப்போனால், உற்பத்தி கூடாமலே புரதம் சேரும். குழாயைக் கூடுதலாகத் திறக்காமல், இறைப்பதைத் தள்ளிப்போட்டே தண்ணீர்த் தாங்கி நிரம்புவதுபோல. சேர்ந்த பி.யு.1 பிரிவை மேலும் தாமதிக்கிறது, கலம் மாவிழுங்கியாக, அதாவது கிருமிகளை விழுங்கும் வெண்குழியமாக, முதிர்கிறது. தம்பியிடமுள்ள ஒட்டுப்புரதம் இதே பி.யு.1இன் வேலையையும் முடக்குகிறது. அதனால் அந்தக் கலங்களுக்குத் தாமதம் மட்டும் கிடைக்கிறது, முதிர்ச்சி கிடைப்பதில்லை.

மருந்தைத் திரும்ப ஏற்றுவதும் இதனால்தான். இந்த வகைக்கு வழக்கமாகக் கொடுக்கும் சைற்றரபின், டீஎன்ஏயைப் பிரதி பண்ணிக்கொண்டிருக்கும் கலத்தைத்தான் கொல்லும். ஜி1இல் காத்திருக்கும் கலம் அன்றைக்குத் தப்பிவிடும், பிறகு அது பிரதி பண்ணும் கட்டத்துக்கு வரும்போது பிடிக்க வேண்டும். 8–21 வகை இந்த மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். மைலோயிட் எனப்படும் இதே குருதிப் புற்றுநோய்க் குடும்பத்து நோய்களில் குணமாகும் வாய்ப்பு அதிகமுள்ளவற்றில் இதுவும் ஒன்று. கிட் விகாரம் பார்த்தார்களா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

அடுத்த சுற்று முடிந்ததும் தம்பி எப்படி இருக்கிறான் என்று எனக்கு எழுதுங்கள்.