அம்மாவின் மூட்டுத் தேய்மானமும் ஸ்டெம் செல் ஊசியும்

வணக்கம். உங்கள் தாயாருக்கு முழங்காலில் நான்காம் நிலை (மிக முற்றிய) மூட்டுத் தேய்மானம் என்றும், வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை (வேறு வகைச் செல்களாக மாறவல்லவை) அங்கே செலுத்தினால் குருத்தெலும்பு மீண்டும் வளர்ந்துவிடும் என்று ஒரு மருத்துவமனை உறுதியளித்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த உறுதியை நம்பிப் பணம் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து.

எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகிய மூன்றிலிருந்தும் பெற்ற செல்களை வழக்கமான ஸ்டீராய்டு ஊசியுடன் ஒப்பிட்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. ஏறத்தாழ 480 பேர் பங்கேற்ற அதில், ஓராண்டுக்குப் பின் வலியைக் குறைப்பதில் இவற்றுள் எதுவும் அந்த ஊசியை விஞ்சவில்லை. இந்தியாவில் 2022இல் மூட்டுத் தேய்மானத்துக்கு ஒப்புதல் பெற்ற ஸ்டெம்பியூசெல் என்ற ஸ்டெம் செல் மருந்துகூட வேறு வகை: கொடையாளரின் மஜ்ஜையிலிருந்து தயாராவது, இரண்டாம், மூன்றாம் நிலைத் தேய்மானத்துக்கே உரியது.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தொடையெலும்புக்கும் காலெலும்புக்கும் நடுவே கறுப்பாகத் தெரிய வேண்டிய இடைவெளி ஏறக்குறைய மறைந்திருக்கும். (ஊசிக்கு முன் அந்தப் படத்தை உங்களுக்கு விளக்கினார்களா?) அந்நிலையில், மூட்டு மாற்று அறுவை பற்றி வேறோர் எலும்பு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள். அதுவரை, முழங்காலுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து ஐந்து நொடி அழுத்தும் தொடைத்தசைப் பயிற்சியை, இயன்முறை மருத்துவரிடம் கற்று, உங்கள் தாயார் தினமும் செய்யலாம்.