வீட்டுக்கென்றே செய்யப்பட்ட கலை

வணக்கம். சினிமா, புத்தகம், பழைய வானொலி நாடகம் மூன்றிலும் எனக்கு ஆசை உண்டு. ஹார்ட் டிஸ்க் நிறையச் சேர்த்தும் வைத்திருக்கிறேன். ஆனால் மாலையில் உட்கார்ந்தால் எதிலும் மனம் நிற்பதில்லை. படத்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறேன், புத்தகத்தோடு தூங்கிப்போகிறேன். 1940களின் ஆங்கில வானொலி நாடகங்களைக் கைப்பேசியை நோண்டிக்கொண்டே கேட்கிறேன். ஒரே நாளில் ஐந்தாறு கேட்டால் எல்லாம் ஒன்றுபோலத் தெரிகிறது. இப்போது அப்பா எங்களோடு வந்து இருக்கிறார். ஆங்கில ஆசிரியராக இருந்தவர், பார்வை மங்கிவிட்டது. அவரோடு சேர்ந்து ரசிக்க எதில் தொடங்கலாம்? ஏதாவது வேலை செய்துகொண்டே நாடகம் கேட்பது தவறா?

கே.

அன்புள்ள கே.,

அப்பாவோடு என்றால் யோசிக்கவே வேண்டாம், வானொலி நாடகத்தில் தொடங்குங்கள். பார்வை மங்கியவருக்கு அது ஒன்றுதான் மிச்சம் என்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் சொன்ன மூன்றில் வீட்டுக்கென்றே செய்யப்பட்டது அதுதான். அந்தக் காலத்துத் திரைப்படம் இருட்டான அரங்கையும் பெரிய திரையையும் நினைத்து எடுக்கப்பட்டது. வீட்டுக்கு வரும்போது கொஞ்சம் இழந்துதான் வருகிறது. புத்தகத்துக்கு இடம் ஒரு பொருட்டே இல்லை. வானொலி நாடகம் எழுதியவர்கள் மனதில் வைத்திருந்ததோ ஓர் அறை, அதில் இரண்டு மூன்று பேர். நீங்களும் அப்பாவும் உட்கார்ந்து கேட்டால், அன்றைக்குக் கேட்டவர்களுக்குக் கிடைத்தது அநேகமாக அப்படியே உங்களுக்கும் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். 1943 மே 25 அன்று ‘சஸ்பென்ஸ்’ என்ற அமெரிக்க வானொலித் தொடரில் வந்த ‘சாரி, ராங் நம்பர்’. எழுதியவர் லூசில் ஃபிளெட்சர். நோயாளியான ஒரு பெண் வீட்டில் தனியாகப் படுத்திருக்கிறாள். கணவனுக்கு டெலிபோன் செய்கிறாள். லைன் மாறிப்போய், யாரோ இரண்டு பேர் ஒரு கொலைக்குத் திட்டம் போடுவது காதில் விழுகிறது. அப்புறம் கடைசிவரை அவளும் டெலிபோனும்தான். டயல் சுற்றும் ஓசை, எங்கேஜ் ஒலி, பதறாமல் பேசும் ஆபரேட்டர்கள், அவளாக நடிக்கும் ஆக்னஸ் மூர்ஹெட்டின் ஏறிக்கொண்டே போகும் குரல். அவளுக்கும் காது மட்டும்தான் துணை, நமக்கும் அப்படியே. அவளுக்குத் தெரியாதது எதுவும் நமக்கும் தெரியாது. 1948இல் இது படமாக வந்தது. அந்தப் பெண்ணாக பார்பரா ஸ்டான்விக் நன்றாகவே நடித்திருக்கிறார். ஆனால் அரை மணி நேரக் கதையை ஒன்றரை மணி நேரத்துக்கு இழுக்க முன்கதைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. கேமரா அந்தப் படுக்கையறையை விட்டு வெளியே போனதுமே நம் நெஞ்சில் இருந்த இறுக்கம் தளர்ந்துவிடுகிறது. முடிவைச் சொல்லமாட்டேன், அப்பாவும் நீங்களும் சேர்ந்தே தெரிந்துகொள்ளுங்கள்.

அந்நாளில் இவை பெரும்பாலும் நேரடி ஒலிபரப்பு. நடிகர்கள் கையில் பிரதியோடு மைக் முன்னால் நிற்பார்கள். பக்கத்திலேயே ஒலி உண்டாக்குபவர் இருப்பார்: சட்டத்தில் பொருத்திய ஒரு சின்னக் கதவு, நடந்து காட்டச் சரளைக்கல் நிரப்பிய பெட்டி, குதிரைக் குளம்புக்குத் தேங்காய்ச் சிரட்டை, தீ எரிய வேண்டுமென்றால் கசக்கிய செலோபேன் தாள். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேர வித்தியாசம் என்பதால் பல நாடகங்களை ஒரே இரவில் இரண்டு முறை நடித்தார்கள். இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லிவிட்டே கேட்கத் தொடங்குங்கள். ரகசியம் தெரிந்தால் சுவை போய்விடும் என்று பயப்பட வேண்டாம். சிரட்டை என்று தெரிந்த பிறகும் குதிரைதான் வரும். இந்தக் கலையிடம் எனக்குத் தீராத வியப்பு அதுதான்.

எல்லாம் ஒன்றுபோலத் தெரிவதற்குக் காரணம் நாடகங்களில் இல்லை. வாரம் ஒரு முறை கேட்பவருக்காகச் செய்தவை அவை. அதே தொடக்க இசை, அதே அறிவிப்பாளர், அதே விளம்பரதாரர் எல்லாம் ஏழு நாள் கழித்து வரும் காதுக்கு வரவேற்பு. ஐந்தை அடுத்தடுத்துக் கேட்டால் கதையின் எலும்புக்கூடுதான் துருத்திக்கொண்டு தெரியும். வாரத்துக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு, அதுவும் குறித்த நாளில் குறித்த நேரத்தில். ஹார்ட் டிஸ்கில் மற்றது கிடக்கட்டும், எங்கேயும் ஓடிவிடாது.

வேலை செய்துகொண்டே கேட்பதில் தவறே இல்லை. கைக்கு வேலை இருக்கலாம், சொல்லுக்கு வேலை இருக்கக் கூடாது. துணி மடித்துக்கொண்டு கேளுங்கள், பொத்தான் தைத்துக்கொண்டு கேளுங்கள். கைப்பேசி மட்டும் வேண்டாம். படிக்கிற சொல்லும் கேட்கிற சொல்லும் மனதில் ஒரே இடத்துக்குப் போட்டி போடும், தோற்பது எப்போதும் நாடகம்தான்.

ஹெட்போனையும் விட்டுவிடுங்கள். இந்தப் பதிவுகள் மோனோ, அதாவது ஒலி முழுவதும் ஒரே தடத்தில். ஹெட்போனில் குரல் மண்டைக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரே ஒரு ஸ்பீக்கரை அப்பாவின் முகத்துக்கு நேராக, அவர் உட்கார்ந்திருக்கும் உயரத்தில் வையுங்கள். குரலுக்கு அறையில் ஓர் இடம் கிடைக்கும். இரைச்சல் இருந்தால் ட்ரெபிளை, அதாவது கீச்சென்ற உயர் ஒலிகளை, சற்றுக் குறைத்தால் போதும். சில பதிவுகளில் நடுவே ஒலி சட்டென்று மாறும். அன்று பதிவுசெய்த 16 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் கால் மணி நேரம்தான் கொள்ளும். பெரும்பாலும் பக்கம் மாறிய இடம் அது.

படத்துக்கு இரண்டே சொல். டிவியில் மோஷன் ஸ்மூத்திங் என்றோ வேறு பெயரிலோ இருக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்துக்கு நடுவே இல்லாத பிரேம்களைச் செருகி, சினிமாவை டிவி சீரியல் மாதிரி ஆக்கிவிடுகிறது. பழைய படங்கள் ஏறக்குறைய சதுரமானவை, இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கத்தான் செய்யும்; திரையை நிரப்புவதற்காக இழுத்துவிடாதீர்கள். சரி, புத்தகம்? படுக்கையில் படித்தால் தூக்கம்தான் வரும். மாலையில் ஓர் அத்தியாயத்தை அப்பாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். வாய்விட்டுப் படிப்பவர் தூங்க முடியாது. அவர் ஆசிரியர் வேறு, உச்சரிப்பைத் திருத்துவார். திருத்தட்டும்.

பட்டியல் போடுகிறவர்கள் எல்லாரும் 1938 அக்டோபர் 30 அன்று நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸ் நடத்திய, செவ்வாய்க் கிரகத்தவர் படையெடுக்கும் கதையான ‘வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்’ ஒலிபரப்பைத்தான் முதலில் கேட்கச் சொல்வார்கள். அதில் தொடங்க வேண்டாம். போலிச் செய்தி அறிக்கைகளாக வரும் முன்பகுதி அபாரம், ஆனால் நடுவில் வரும் இடைவேளைக்குப் பிறகு அது சாதாரணக் கதைசொல்லலாக இறங்கிவிடுகிறது. மொத்தம் ஒரு மணி நேரம், புதிதாகக் கேட்பவருக்கு அது நீளம். அரை மணி நேர நாடகங்கள் நாலைந்து கேட்டு அப்பாவுக்குக் காது பழகிய பிறகு அதைப் போடுங்கள்.