லீவுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள்: கொல்லைப்பக்கத்துக் கேள்விகள்

முழுப்பரீட்சை முடியப்போகிறது. வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை லீவுக்கு வரும் பிள்ளைகளைப் பற்றித்தான். வீட்டுக்குள் வெள்ளையடிப்பது பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அது மெதுவாக நடக்கட்டும். பிள்ளைகள் பகல் முழுக்கக் கொல்லையில்தான் இருக்கப்போகிறார்கள், முதலில் அதைப் பார்ப்போம்.

சென்னையிலிருந்து பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். கொல்லையில் வைக்கோல் போர், விறகு, மட்டை எல்லாம் கிடக்கின்றன. பாம்பு நடமாட்டமும் உண்டு. எங்கிருந்து ஆரம்பிப்பது? – வலங்கைமான்

நாளைக்கே ஆரம்பியுங்கள், அம்மா. பிள்ளைகள் வந்து இறங்கிய பிறகு குப்பையைக் கலைத்தால், உள்ளே இருந்ததெல்லாம் வீட்டுப் பக்கம் ஒதுங்கும். பத்து நாள் முன்னாடியே, நல்ல வெளிச்சத்தில், கம்பால் தட்டிவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். விறகையும் மட்டையையும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். செங்கல் வைத்து, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், தள்ளி அடுக்குங்கள். வைக்கோல் போரை இப்போது நகர்த்த முடியாது. அதில் ஏறிக் குதிக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பாம்பு எலியைத் தேடித்தான் வருகிறது. நெல் மூட்டை இருக்கும் அறையில் எலிப் பொந்தை அடைப்பதும், கொல்லைக் கதவுக்குக் கீழே உள்ள சந்தை அடைப்பதும் புல் வெட்டுவதைவிட முக்கியம்.

இரவு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். புழுக்கம் தாங்காமல் பிள்ளைகளைக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கவைப்பது நம் வழக்கம். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். கடித்தால் பெரும்பாலும் வலியும் தெரியாது, வீக்கமும் இருக்காது. கட்டிலில் படுக்கவைத்து, கொசுவலையைச் சுற்றிலும் மெத்தைக்கு அடியில் செருகுங்கள். விடியற்காலையில் ஒரு பிள்ளை வயிற்றுவலி என்று எழுந்து, இமை சொக்கி, எச்சில் விழுங்கச் சிரமப்பட்டால், நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று கஷாயம் வைக்க உட்காராதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

கொல்லை முருங்கையில் ஊஞ்சல் கட்டலாமா? கிளை நன்றாகப் பருத்திருக்கிறது. – பாபநாசம்

வேண்டவே வேண்டாம். முருங்கை பருமனாகத் தெரியும், பலம் கிடையாது. சொல்லாமல் கொள்ளாமல் முறியும். தென்னைக்குக் கீழேயும் கட்டாதீர்கள், தேங்காயும் மட்டையும் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. வேம்பு, புளி, நாட்டு மா இருந்தால் பட்டுப்போகாத கிளையாகப் பாருங்கள். கிளையில் பழைய சாக்கைச் சுற்றி அதன் மேல் கயிற்றைக் கட்டுங்கள். பெரியவர் ஒருவர் உட்கார்ந்து நன்றாக ஆடிப் பார்த்த பிறகுதான் பிள்ளைகள் ஏற வேண்டும். பலகை பிள்ளையின் முழங்கால் உயரத்தில் இருந்தால் சரி. கீழே மண்ணைக் கொத்திவிட்டு மணல் பரப்புங்கள்.

பரணிலிருந்து பாட்டியின் பல்லாங்குழி கிடைத்தது. சோழி குறைகிறது. வேலியில் குன்றிமணி காய்த்திருக்கிறது, அதைப் போடலாமா? – திருவையாறு

பல்லாங்குழியை எடுத்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். குன்றிமணி மட்டும் வேண்டாம். தோல் உடைந்தோ மென்றோ உள்ளே போனால் அது கொடிய விஷம். 14 குழிக்கு, குழிக்கு ஐந்து வைத்தாலும் 70 புளியங்கொட்டை போதும். புளி தட்டும் காலத்தில் கொட்டைக்கா பஞ்சம்? கைக்குழந்தை, தவழும் குழந்தை வீட்டில் இருந்தால் அதுவும் தொண்டையில் அடைக்கும். ஆட்டம் முடிந்ததும் எண்ணி டப்பாவில் போடச் சொல்லுங்கள்.

வேலியைப் பார்க்கும்போதே காட்டாமணக்கும் அரளியும் இருக்கிறதா என்று பாருங்கள். காட்டாமணக்குக் கொட்டை தின்ன ருசியாக இருக்கும். அதனால்தான் பிள்ளைகள் கூட்டமாகப் பங்குபோட்டுத் தின்கிறார்கள், அப்புறம் வாந்தியும் பேதியுமாகப் படுக்கிறார்கள். அரளி விதை இதயத்தையே பாதிக்கும். செடியைக் காட்டி, பேர் சொல்லி எச்சரியுங்கள்.

புழங்காத கிணறு ஒன்று, பழைய போர்வெல் (ஆழ்துளைக் கிணறு) ஒன்று இருக்கிறது. தகரம் போட்டு மூடினால் போதுமா? – மன்னார்குடி

போதாது. தகரம் துருப்பிடிக்கும், சாக்கு மக்கும். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தையைப் பலிகொண்டது வீட்டருகே கைவிடப்பட்ட போர்வெல்தான். அப்படிப்பட்ட குழியை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. லீவுக்கு முன்னால் இந்த ஒரு வேலையையாவது முடித்துவிடுங்கள். கிணற்றுக்கு இரும்புக் கம்பி வலை போட்டுப் பூட்டுங்கள். கைப்பிடிச் சுவர் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தால் ஏறுவதற்கு அது போதும்.

ஆறு காய்ந்துதான் கிடக்கிறது. மணலில் விளையாட விடலாமா? – கும்பகோணம்

சாயங்காலம், பெரியவர் ஒருவர் கூட இருந்தால் தாராளமாக விடலாம். மணல் அள்ளிய பள்ளங்களில் தேங்கிய தண்ணீர் பார்வைக்கு முழங்கால் ஆழம்தான், ஓரடி தள்ளினால் ஆள் மட்டம். அந்தப் பக்கமே போகக் கூடாது. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும். சில நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்து கிளை ஆறுகளில் பிரிந்துவிடும். ஒரு மாதம் ஓடியாடிய பிள்ளைக்கு அது பழகிய இடம், பயம் இருக்காது. திறப்புச் செய்தி வந்த நாளிலிருந்து ஆற்றுப் பக்கம் தனியாக அனுப்பாதீர்கள்.

ஒரு மாத லீவுக்குள் பிள்ளைகளே விதைத்து, அவர்களே சாப்பிடும்படி எதைப் போடலாம்? – திருத்துறைப்பூண்டி

முளைக்கீரை. கடுகைவிடச் சின்ன விதை, மணலோடு கலந்து தூவச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொட்டிவிடுவார்கள். நாலைந்து நாளில் முளைக்கும், 25 நாள் வாக்கில் பிடுங்கலாம். வெண்டை காய்க்க ஒன்றரை மாதம் ஆகும், அதற்குள் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள். காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் விட்டு, மேலே ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்து நிழல் கொடுங்கள். எறும்பு விதையை இழுத்துக்கொண்டு போகும். பாத்தி ஓரத்தில் கொஞ்சம் நொய்யரிசி தூவிவிட்டால் அதை எடுத்துக்கொண்டு போய்விடும்.