பைன் தோப்புக்கு யூரியா போடும் முன் மரங்களைக் கலைக்க வேண்டும்

கேள்வி: அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் தெற்குப் பகுதியில் 35 ஏக்கர் லாப்லாலி பைன் தோப்பு வாங்கியிருக்கிறேன். மரங்களுக்கு 15 வயது. இதுவரை ஒரு மரமும் வெட்டவில்லை. வருடந்தோறும் கீழே விழும் ஊசி இலைச் சருகை வாரி விற்கிறோம். இந்த அக்டோபரில் உள்பக்கத்து ஊசிகள் மஞ்சளாகி உதிர்கின்றன. ஹெலிகாப்டரில் யூரியா தூவச் சொல்கிறார் பக்கத்துத் தோப்புக்காரர். கோழி எருவும் மலிவாகக் கிடைக்கிறது. எதைப் போடலாம்?

பதில்: மஞ்சள் ஊசிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். லாப்லாலி பைன் ஓர் ஊசியை இரண்டு வளர்பருவம் மட்டுமே வைத்திருக்கும். பழைய ஊசிகள் இலையுதிர் காலத்தில் இப்படித்தான் கொட்டும். கிளை நுனியில் இருக்கும் இந்த வருடத்து ஊசியே வெளிறியிருந்தால் மட்டும் சத்துக் குறைவைச் சந்தேகிக்கலாம்.

யூரியாவை இப்போது போடாதீர்கள். உரம் போட்டால் மரத்தில் முதலில் கூடுவது ஊசிகளின் பரப்பு. அந்த ஊசிகள் வெயிலைப் பிடித்த பிறகுதான் அடிமரம் பருக்கும். 15 வருடம் கலைக்காத தோப்பில் புதிய ஊசி விரிய இடம் எங்கே இருக்கிறது? மேலே கிளைகள் ஒன்றோடொன்று முட்டி, கீழ்க்கிளைகள் நிழலில் காய்ந்துகொண்டிருக்கும். அந்த நிலையில் உரம் போட்டால் நெருக்கடிதான் முற்றும், சின்ன மரங்கள் சீக்கிரம் சாகும். நெருங்கிய தோப்பில் பைன் வண்டும் எளிதாகப் பரவும்.

அதனால் முதல் வேலை தின்னிங், அதாவது நெருங்கி நிற்கும் மரங்களில் சிலவற்றை வெட்டிக் கலைப்பது. வளைந்தது, கவையானது, துருநோய் முடிச்சு விழுந்தது, மெலிந்தது எல்லாவற்றையும் கழித்துவிட்டு நல்ல மரங்களை இடைவெளியோடு நிறுத்துங்கள். கணக்கு இதுதான்: நெஞ்சு உயரத்தில், அதாவது நாலரை அடியில், மரங்களின் குறுக்குவெட்டுப் பரப்பை எல்லாம் கூட்டினால் ஏக்கருக்கு 70 முதல் 80 சதுர அடி நிற்க வேண்டும். 15 வயது அடர்ந்த தோப்பில் இது 120-ஐத் தாண்டியிருப்பது சகஜம். சவானாவிலும் ரைஸ்போரோவிலும் இருந்த காகித அட்டை ஆலைகள் 2025-இல் மூடப்பட்ட பிறகு கூழ்மரத்துக்கு (காகிதக் கூழுக்குப் போகும் சின்ன மரம்) விலை பேசுவது கடினமாகிவிட்டது, உண்மைதான். ஆனாலும் விலை ஏறட்டும் என்று பல வருடம் காத்திருந்தால், நாளைக்கு அறுவை மரமாகப் போக வேண்டிய நல்ல மரங்கள் இன்றைக்கே தேங்கிப் போகும். கூழ்மரத்தில் லாபம் குறைந்தாலும் கலைத்துவிடுவதே மேல் என்பது என் கருத்து.

அடுத்தது கீழே முளைத்திருக்கும் ஸ்வீட்கம் போன்ற அகன்ற இலை மரங்கள். தின்னிங் செய்து வெளிச்சம் விழுந்ததும் இவை கிளம்பிவிடும். இவற்றை அடக்காமல் உரம் போட்டால் பாதி உரத்தை அவையே தின்னும். லேபிளில் உள்ள அளவில் இமாசபைர் என்ற களைக்கொல்லியை அடித்தால் லாப்லாலி தாங்கிக்கொள்ளும். உரிமம் உள்ளவரை வைத்து அடியுங்கள்.

தின்னிங் முடிந்து ஒன்றிரண்டு வளர்பருவம் போகட்டும். மரங்களின் கொண்டைகள் (மேலே கிளையும் ஊசியும் உள்ள பகுதி) விரிந்த பிறகு, டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் ஊசிப் பரிசோதனை செய்யுங்கள். ஓங்கி நிற்கும் மரங்களில் கொண்டையின் மேல் மூன்றில் ஒரு பங்கிலிருந்து, கடந்த பருவத்தின் முதல் துளிரில் வந்த ஊசிகளை எடுக்க வேண்டும். மாவட்ட விவசாய விரிவாக்க அலுவலகத்தில் கொடுத்தால் இதே மாநிலத்து ஏதென்ஸ் நகரில் உள்ள ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) 1.2 சதவீதத்துக்கும் பாஸ்பரஸ் 0.12 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் உரத்துக்கு நல்ல பலன் வரும்.

அப்போது ஏக்கருக்கு 385 பவுண்டு யூரியாவும் 125 பவுண்டு டிஏபியும் (டை-அம்மோனியம் பாஸ்பேட் உரம்) சேர்த்துப் போடலாம். இதில் தழைச்சத்து 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ, பாஸ்பரஸ் 25 பவுண்டு கிடைக்கும். தெற்கு மாநிலங்களின் சோதனைத் திடல்களில் இந்த அளவுக்கு, வருடம் ஏக்கருக்குச் சராசரியாக 50 கன அடி மரம் கூடுதலாக, 8 வருடம் வரை கிடைத்திருக்கிறது. மொத்தம் 400 கன அடி, பச்சை மரமாக ஏறத்தாழ 12 டன். நெல்லுக்குப் போல் மூன்று தவணை வேண்டாம், ஒரே தடவை போதும். யூரியா வெயிலில் ஆவியாகப் போய்விடும், ஆகவே குளிர் மாதங்களிலேயே முடித்துவிடுங்கள்.

கோழி எரு கெட்டதல்ல. ஆனால் ஒரு டன்னில் தழைச்சத்து சுமார் 60 பவுண்டுதான். 200 பவுண்டுக்கு மூன்று டன்னுக்கு மேல் கொட்ட வேண்டும். அப்போது பாஸ்பரஸ் தேவையைப் போல மூன்று மடங்குக்கு மேல் சேர்ந்து, மழையில் ஓடைக்குப் போகும். ஓடை ஓரத்தில் போடவே வேண்டாம்.

சருகு வாருவதைச் சில வருடம் நிறுத்துங்கள். மரம் உதிர்க்கும் ஊசிதான் தோப்புக்கு அதன் சொந்த எரு. வருடா வருடம் அதை வாரி விற்பதால்தான் உங்கள் மண்ணில் சத்துக் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். எப்படியும் தின்னிங்குக்குப் பிறகு கிளையும் மிலாறும் கலந்துவிடும், நல்ல சருகு வாரவும் முடியாது.

உங்கள் நிலம் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் களிமண்ணா, மணல் மேடா என்று எழுதுங்கள். தண்ணீர் நிற்கும் களியாக இருந்து, நடும்போது பாஸ்பரஸ் போடாமல் விட்டிருந்தால், டிஏபி அளவை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.