படுக்கையின் ஒரு மூலை

கேள்வி: என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, 2 ஆண்டுகளாக வாரம் இருமுறை டயாலிசிஸ் நடக்கிறது. உபவாச ஜெபங்கள் வைத்தும் சுகம் கிடைக்கவில்லை. எங்கள் ஜெபக்குழுவில் ஒருவர், “உங்கள் வீட்டில் அவிசுவாசம் இருக்கிறது, டயாலிசிஸை நிறுத்திவிட்டுக் கர்த்தரை மட்டும் நம்புங்கள்” என்கிறார். எனக்கோ ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வருவதில்லை. நான் விசுவாசத்தை இழந்துவிட்டேனா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, டயாலிசிஸை ஒருமுறைகூட நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் உடலில் நீரும் பொட்டாசியமும் தேங்கி, சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். மருத்துவம் விசுவாசத்துக்கு எதிரானதல்ல; லூக்காவைப் ‘பிரியமான வைத்தியன்’ என்று அன்போடு குறிப்பிட்டவர் அப்போஸ்தலர் பவுல். தம்மோடு பயணம் செய்த ஒருவரைப் பற்றி, ‘துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்’ என்று ஒளிக்காமல் எழுதியவரும் அவரே. துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று அந்த நிருபத்தில் ஒரு வரிகூட இல்லை.

உங்கள் குழுவைச் சேர்ந்தவர் ‘அவிசுவாசம்’ என்ற சொல்லை எங்கிருந்து எடுத்தாரோ தெரியாது. ஆனால் அந்தச் சொல் வரும் ஒரு நிகழ்ச்சியை அவரோடு சேர்ந்து நிதானமாக வாசித்துப் பாருங்கள். வியாதியுள்ள ஒரு பிள்ளையைக் குணமாக்கத் தங்களால் ஏன் முடியவில்லை என்று சீஷர்கள் தனித்து வந்து கேட்டபோது, ‘உங்கள் அவிசுவாசத்தினாலேதான்’ என்று இயேசு பதில் சொன்னதாக மத்தேயு 17-ஆம் அதிகாரம் கூறுகிறது. அந்தக் கடிந்துகொள்ளுதல் ஜெபித்துக் கொடுக்க வந்தவர்களுக்கு உரியது. மாற்கு 9-இல் அதே பிள்ளையின் தகப்பன், ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்று கண்ணீரோடே கதறினான்; பாதி நம்பிக்கையும் பாதி பயமுமாக வந்த அவனை ஆண்டவர் திருப்பி அனுப்பவில்லை. நோயாளியின் வீட்டுக்குப் போய் விசுவாசத்தை எடைபோட்டுப் பார்க்கும் வழக்கம் நம் சபைகளில் எப்படியோ வேரூன்றிவிட்டது. எனக்கு அதில் கோபம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

வார்த்தை வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதே கடிதத்தின் பின்பக்கத்தில், அவர் ஒரு நாளில் குடிக்க வேண்டிய தண்ணீரைக் காலையிலேயே அளந்து ஒரு செம்பில் ஊற்றி வைப்பதாகவும், தாகம் தாங்காமல் அவர் கேட்கும்போது அந்தச் செம்பிலிருந்து ஒரு மடக்கு மட்டும் கொடுத்துவிட்டு, தானும் அவர் முன்னால் தண்ணீர் குடிப்பதில்லை என்றும் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். 2 ஆண்டுகளாக ஒரு நாள் தவறாமல் நடக்கும் இந்தக் காரியத்தை விசுவாசம் என்றல்லாமல் வேறு எந்தப் பெயரால் அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உணர்ச்சி வற்றிப்போவதும் விசுவாசம் அற்றுப்போவதும் ஒன்றல்ல. 88-ஆம் சங்கீதத்தை எழுதியவர் கடைசி வரியிலும் இருளில்தான் நிற்கிறார். ஆனாலும் கர்த்தரிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறார். உங்கள் வாயில் வார்த்தை இல்லாத நாட்களில் அந்தச் சங்கீதத்தையே சத்தமாக வாசியுங்கள், அதற்குமேல் எதுவும் சேர்க்க வேண்டாம்.

உங்கள் ஊர்ப்பக்கமே உள்ள டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்டபின், 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே முடங்கிக் கிடந்தார். அவரை விசுவாசம் குறைந்தவர் என்று நம்மில் யாரும் சொல்வதில்லை.

இன்னும் ஒன்று. மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரன் (உடல் முடங்கியவன்) ஒருவனை நாலுபேர் சுமந்துவந்து, கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிறார்கள். ‘இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு’ என்றே வேதம் சொல்கிறது; படுத்திருந்தவன் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதாகக்கூட அங்கே எழுதப்படவில்லை. அந்த நாலுபேரின் வேலையையும் 2 ஆண்டுகளாக நீங்கள் ஒருவரே செய்துவருகிறீர்கள், களைத்துப்போகாமல் என்ன செய்யும்? ஆகவே ஜெபக்குழுவில் அடுத்த முறை அந்தப் பேச்சு எழுந்தால் வாதாட வேண்டாம். டயாலிசிஸ் நடக்கும் 4 மணி நேரமும் உங்களுக்குப் பதிலாக மருத்துவமனையில் வந்து உட்காரும்படி அவர்களிடம் கேளுங்கள். ஒருவர் செவ்வாய்க்கிழமை, மற்றவர் வெள்ளிக்கிழமை என்று முறை வைத்துக்கொள்ளட்டும். இதை உங்கள் சபைப் போதகரான ஐயரிடமும் சொல்லிவையுங்கள். அந்த 4 மணி நேரம் நீங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.